பெயரிழந்த புனிதை பக்கித்தா

தமிழில் மகனுடைய மகனைப் பேரன் என்கிறோம். பெயரன் என்ற சொல்லே பேரன் என்று மருவிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டுவோருக்கு இது கண்கூடு. பாட்டனின் பெயர் பேரனிடத்தும், பாட்டியின் பெயர் பேத்தியிடத்தும் தலைமுறை தோறும் திரும்பி வருவதைக் காணலாம். நான் யாருடைய பிள்ளை, எந்த ஊரான், எவர் வழி வந்தவன் என்பதை ஒருவனுடைய பெயரே உலகுக்குச் சொல்லிவிடுகிறது.

அந்தப் பெயரையே பறிகொடுத்த ஒரு பெண்மணி இன்று நம் பீடங்களில் வணங்கப்படுகிறார். அவரே புனித ஜோசப்பின் பக்கித்தா. நம் பங்கின் யூபிலி மலரில், சிறப்பாக நம் இளைஞர்களுக்காக, அவருடைய வாழ்க்கையை எடுத்துரைப்பது பொருத்தமென்று கருதுகிறேன்.

ஆப்பிரிக்காவின் சூடான் நாட்டில் தார்ஃபூர் என்றொரு பகுதி உண்டு. அங்கே ஒல்கோசா என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 1869-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தை வசதி படைத்தவர். ஊர்த் தலைவரின் உடன்பிறந்தவர். அண்ணன் தம்பியரும் அக்காள் தங்கையரும் நிறைந்த வீடு அது. அக்காலத்தில் மனிதரைப் பிடித்து விற்கும் வணிகர்கள் அந்நாடெங்கும் திரிந்தனர். முதலில் மூத்த சகோதரியைக் கவர்ந்து சென்றனர். சில ஆண்டுகளுக்குப் பின், ஏறக்குறைய எட்டு வயதில், இச்சிறுமியும் அவர்கள் கையில் சிக்கினாள்.

பெயர் என்னவென்று கேட்டபோது அச்சத்தால் அவளுக்கு வாய் எழவில்லை. கடத்தியவர்களே அவளுக்குப் பக்கித்தா என்று பெயர் சூட்டினார்கள். அரபு மொழியில் அதற்குப் பாக்கியவதி என்று பொருள். என்ன கொடிய கேலி! பெற்றோர் இட்ட பெயரோ அந்தப் பேரதிர்ச்சியில் நினைவிலிருந்து அகன்றுபோயிற்று. சாகும்வரை அது திரும்பவே இல்லை. பிறந்த வீட்டில் பேசிய மொழியும் காலப்போக்கில் அவர் நாவை விட்டு நீங்கிற்று.

ஒருமுறை வேறொரு சிறுமியோடு தப்பி ஓடினாள்; மீண்டும் பிடிபட்டாள். சந்தைகளில் ஆடுமாடுகளைப் போலக் கைமாறினாள். ஒரு துருக்கிய அதிகாரியின் வீட்டில் இருந்தபோது அவள் உடலில் கத்தியால் கோலமிட்டு, அக்காயங்கள் ஆறாத வடுக்களாகும்படி உப்பைத் தேய்த்தார்கள். ஆயினும் அவள் உள்ளத்தில் ஒரு கேள்வி மட்டும் அணையாமல் இருந்தது. கதிரவனையும் நிலவையும் விண்மீன்களையும் பார்க்குந்தோறும், இவற்றுக்கெல்லாம் எஜமான் யார் என்று வியந்து, அவரைக் காண ஏங்கினாள். தன் ஊரில் கற்ற அந்த வியப்பை எந்தச் சந்தையிலும் எவராலும் விலை கூற முடியவில்லை.

1883-ல் கார்ட்டூம் நகரில் இத்தாலியத் துணைத் தூதர் லெஞ்ஞானி என்பவர் அவளை வாங்கினார். சாட்டையடி இல்லாத வீட்டை அவள் அங்குதான் முதன்முதலாகக் கண்டாள். 1885-ல் அவரோடு இத்தாலி சேர்ந்தாள். அங்கே மிக்கேலி என்ற குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அவர்களின் பெண் குழந்தையைப் பேணும் பணியில் அமர்ந்தாள். அக்குடும்பத்தினர் வணிகத்தின் பொருட்டு ஆப்பிரிக்கா சென்றபோது, 1888-ல் குழந்தையும் பக்கித்தாவும் வெனிஸ் நகரிலிருந்த கனோசியன் கன்னியர் மடத்தில் விடப்பட்டார்கள். சிறு வயது முதல் தேடிவந்த எஜமானின் பெயரை அம்மடத்திலேதான் பக்கித்தா அறிந்தார். அவரும் கட்டுண்டு, அடிபட்டு, முப்பது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவர் என்று கேட்டபோது அவர் உள்ளம் எவ்வளவு உருகியிருக்கும்!

1889-ல் எஜமானி திரும்பி வந்து, புறப்படு என்று கட்டளையிட்டார். அதுவரை எவருக்கும் மறுமொழி சொல்லியறியாத பக்கித்தா வரமாட்டேன் என்றார். வழக்கு அதிகாரிகளிடம் சென்றது. வெனிஸின் மறைமுதுவரும் அதில் தலையிட்டார். இத்தாலியச் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்பதில்லை. ஆகவே இப்பெண் சுதந்திரமானவள் என்று 1889 நவம்பர் 29-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. 1890 சனவரி 9-ஆம் நாள் பக்கித்தா ஞானஸ்நானமும், உறுதிப்பூசுதலும், முதல் நற்கருணையும் ஒருங்கே பெற்றார். ஜோசப்பின், மார்கரீத்தா, ஃபொர்த்துனாத்தா என்று அவருக்குப் பெயர்கள் சூட்டப்பட்டன. ஃபொர்த்துனாத்தா என்ற லத்தீன் சொல்லுக்கும் பாக்கியவதி என்பதே பொருள். கள்ளர் கேலியாக இட்ட பெயரைத் திருச்சபை அழித்துவிடவில்லை. அதைத் தண்ணீரில் கழுவி, உண்மையாக்கித் திருப்பிக் கொடுத்தது.

1896 டிசம்பர் 8-ஆம் நாள் அவர் கனோசியன் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902 முதல் ஸ்கியோ என்னும் ஊரில் சமையல் செய்தார். தையல் வேலை பார்த்தார். ஆலயத் திருப்பொருள்களைப் பேணினார். மடத்து வாயிலில் நின்று வருவோரை வரவேற்றார். ஊர் மக்கள் அவரைக் கறுப்பு அன்னை என்று வாஞ்சையோடு அழைத்தார்கள். தன்னைக் கடத்தியவர்களைக் கண்டால் முழந்தாளிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன், அவர்கள் இல்லாவிடில் கிறிஸ்துவை அறிந்திருக்க மாட்டேனே என்று அவர் சொல்வதுண்டு. மன்னித்தாரே ஒழிய, நடந்ததை அவர் மறைக்கவில்லை. மேலாளரின் கட்டளைப்படி 1910-ல் தன் வரலாற்றைச் சொல்லி எழுதச் செய்தார். 1931-ல் அவருடைய வாழ்க்கை நூலாக வெளிவந்தது. 1935 முதல் 1939 வரை மிலான் நகருக்கு அருகிலிருந்த நவசந்நியாச மடத்தில் தங்கி, ஆப்பிரிக்காவுக்குப் புறப்படவிருந்த இளம் கன்னியரை ஆயத்தப்படுத்தினார். தன் சொந்தப் பெயரை அறியாத அந்த மூதாட்டி, தன் நாட்டை நேசிக்க மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

இறுதி நோயின் மயக்கத்தில் பழைய சங்கிலிகள் மீண்டும் அவர் நினைவில் வந்தன. அவற்றைத் தளர்த்தும்படி பணிவிடை செய்தவரிடம் கெஞ்சினார். பின்பு தேவதாயின் திருப்பெயரை உச்சரித்து, 1947 பிப்ரவரி 8-ஆம் நாள் அமைதியாகக் கண்மூடினார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2000 அக்டோபர் 1-ஆம் நாள் புனிதர் பட்டமும் வழங்கினார். இடையில் 1993 பிப்ரவரியில் அவரே கார்ட்டூம் சென்று, பக்கித்தாவை அவருடைய சொந்த மக்களிடையே போற்றினார். உள்நாட்டுப் போரால் நொந்திருந்த சூடான் மக்களுக்கு அது தங்கள் மகள் வீடு திரும்பியது போலிருந்தது. பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட், 2007-ல் கிறிஸ்தவ எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் தொடக்கத்திலேயே இவரை முன்னிறுத்தினார். 2015 முதல் அவருடைய திருநாளான பிப்ரவரி 8, மனித வணிகத்துக்கு எதிரான உலக செபநாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஒரு பக்கித்தா பெற்ற விடுதலையைப் பெறாமலே மடிந்தோர் கோடிக்கணக்கானோர். கப்பல்களில் ஏற்றப்பட்ட அம்மக்களின் பிள்ளைகள் தங்கள் வேரை எங்கே போய்த் தேடுவர்? இக்கேள்வி பல நல்லோரை எழுப்பிற்று. அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கார்ட்டர் வுட்சன் என்ற அறிஞர், கறுப்பின மக்களின் வரலாற்றைக் கற்பிக்க 1926-ல் ஒரு வாரத்தை ஏற்படுத்தினார். ஐம்பது ஆண்டுகளில் அது ஒரு மாதமாக வளர்ந்தது. 1990-ல் அங்குள்ள கறுப்பினக் குருக்கள், தம் இளைஞர்கள் திருச்சபையிலும் தங்கள் முன்னோர்களைக் கண்டுகொள்ளும்படி நவம்பர் மாதத்தை ஒதுக்கினார்கள். பிரேசில் நாட்டில் 2003-ல், பள்ளிகளில் ஆப்பிரிக்க வரலாற்றைக் கற்பிக்கச் சட்டமே இயற்றப்பட்டது.

இதெல்லாம் கடல் கடந்த செய்தி என்று நினைக்க வேண்டாம். நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில் சித்தி என்றழைக்கப்படும் மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துக்கீசியரும் அராபியரும் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு, இஸ்லாமியரும் உண்டு. ஹளியாள் பகுதியில் நம்மைப் போன்ற கத்தோலிக்கரும் உண்டு. கொங்கணியும் கன்னடமும் பேசுகிறார்கள். முன்னோர் பேசிய ஆப்பிரிக்க மொழி கழன்றுபோன பின்பும், தமாம் என்னும் மேளத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். மூன்று மதத்தவரும் அந்த ஒரே மேளத்தைச் சுற்றிக் கூடுகிறார்கள். 2003-ல் அவர்கள் பழங்குடியினராக அரசால் ஏற்கப்பட்டார்கள். காட்டுக்குள் மேளத்தைக் காத்துவந்தவர்களுக்கு நாட்டின் ஏட்டிலும் ஓரிடம் கிடைத்தது.

அன்புக்குரிய இளைஞர்களே, பக்கித்தாவின் வாழ்க்கை சூலூரில் வாழும் நம்மிடம் எதைக் கேட்கிறது? நூற்பாலைகளும் விசைத்தறிகளும் நிறைந்த இப்பகுதிக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளைஞர்கள் பிழைக்க வருகிறார்கள். அவர்களில் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்? இந்திக்காரன் என்கிறோம்; வடக்கத்தியான் என்கிறோம். பலருக்கு வீட்டில் பேசும் மொழி இந்தியே அல்ல என்பதும் நமக்குத் தெரியாது. பெயர் கேளாமல் வேலை வாங்குவது, பெயரைப் பறிப்பதற்கு எத்தனை தூரம்?

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் இரண்டு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் தாத்தா பாட்டியிடம் அமர்ந்து, அவர்களுடைய பெற்றோரின் பெயர், பிறந்த ஊர், இப்பங்குக்கு வந்த வரலாறு ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். இரண்டாவது, வெளிமாநிலத்திலிருந்து வந்த ஓர் இளைஞனுடைய பெயரையாவது கேட்டறிந்து, அடுத்த ஞாயிறு அப்பெயரால் அவனை அழையுங்கள். வரும் பிப்ரவரி 8-ஆம் நாள் திருப்பலியில் அவர்கள் தங்கள் தாய்மொழியிலேயே ஒரு பாடல் பாடட்டும், நாம் கேட்போம்.

நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நற்செய்தி நமக்குக் கற்பிக்கிறது. ஒல்கோசாவில் ஒரு தாய் தன் மகளுக்கு இட்ட பெயரை இவ்வுலகில் அறிந்தவர் எவருமில்லை. ஆனால் ஆண்டவர் அதை மறந்திருக்க மாட்டார். அப்பெயராலேயே அவரை விண்ணக வாயிலில் வரவேற்றிருப்பார் என்பது நம் விசுவாசம்.

புனித ஜோசப்பின் பக்கித்தாவே, எங்கள் பங்கின் பிள்ளைகளுக்காகவும், வீட்டை விட்டுத் தொலைவில் உழைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.