ஏ.ஐ வேலையைப் பறிக்குமா? 1949-லேயே எச்சரித்த கணித மேதை!

மொபைலில் ஒரு சமையல் வீடியோ பார்க்கிறீங்க. முடிஞ்சதும் இன்னொண்ணு வருது. அதைப் பாதியில் தள்ளிவிட்டா, அடுத்தது வேற மாதிரி வருது. நீங்கள் செய்வதைக் கவனித்து, அதற்கேற்ப தன்னைத் திருத்திக்கொள்கிறது அந்த இயந்திரம். இந்தத் தத்துவத்தை ஓர் அறிவியலாகவே வளர்த்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தவர் நார்பர்ட் வீனர். இதனால் சாதாரண மனுஷங்களுக்கு என்ன ஆகும் என்று முதலில் கவலைப்பட்டவர்களில் ஒருவரும் அவர்தான்.

அப்பாதான் வாத்தியார்

வீனர் பிறந்தது 1894 நவம்பர் 26-ல், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில். அப்பா லியோ வீனர் பின்னாளில் ஹார்வர்டில் மொழிப் பேராசிரியர் ஆனவர். மகனுக்கு வீட்டிலேயே பாடம் எடுத்தார். தப்பாகச் சொன்னால் திட்டு விழும். எட்டு வயதில் பையனுக்குக் கண்பார்வை மோசமாக, ஆறு மாதம் புத்தகத்தையே தொடக் கூடாது என்றார் டாக்டர். அப்பவும் படிப்பு நிற்கவில்லை. காதால் கேட்டு, கணக்குகளை மனசுக்குள்ளேயே போட்டுப் பழகினான். 11 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. 14-ல் பட்டம், 18-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம்!

ஊரே மெச்சியது. அப்பாவோ, என் மகன் சாதாரணப் பையன்தான், எல்லாம் என் பயிற்சி என்று பத்திரிகைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயிச்சா அப்பாவுக்குப் பெருமை, தோத்தா மகனோட குறை. அந்தக் காயம் வீனருக்கு லேசில் ஆறவில்லை. வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு அவரை விட்டுவிட்டுத் துரத்தியது.

போர் கற்றுக்கொடுத்த பாடம்

1919-ல் எம்.ஐ.டி-யில் ஆசிரியராகச் சேர்ந்த வீனர், கடைசி வரை அங்கேதான் இருந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. தரையிலிருந்து சுடும் குண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் எதிரி விமானம் நகர்ந்துவிடும். அப்படியானால் அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும், இல்லையா? பொறியாளர் ஜூலியன் பிகலோவுடன் சேர்ந்து அதற்கு ஒரு கருவி செய்யப் பார்த்தார். கருவி போர்க்களத்துக்குப் போகவில்லை. ஆனால், ஒரு பெரிய விஷயம் கிடைத்தது. நீங்க பைக் ஓட்டும்போது வண்டி கொஞ்சம் சாய்ந்தால் ஹேண்டில்பாரைத் திருத்துறீங்க, மறுபடி பார்க்கிறீங்க, மறுபடி திருத்துறீங்க. மனித நரம்புகளும் இயந்திரங்களும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன என்று புரிந்தது.

இதைத் தனியாளாக அவர் கண்டுபிடிக்கவில்லை. மெக்சிகோவைச் சேர்ந்த உடலியல் ஆய்வாளர் ஆர்ட்டூரோ ரோசன்புளூத், ஹார்வர்டில் மாதாமாதம் கூட்டம் நடத்துவார். டாக்டர்களும் கணித ஆட்களும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே ஒருவரையொருவர் கேள்வியால் துளைப்பார்கள். அந்த நட்பில் விளைந்ததுதான் 1948-ல் வந்த 'சைபர்நெட்டிக்ஸ்' புத்தகம். கிரேக்க மொழியில் படகின் சுக்கானைப் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்த பெயர். நாம இன்னிக்கு சர்வ சாதாரணமா சொல்ற 'சைபர் க்ரைம்' வரைக்கும் அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

தர மாட்டேன் என்ற கடிதம்

ஹிரோஷிமாவுக்குப் பிறகு வீனர் மாறிப்போனார். 1946 கடைசியில், ஏவுகணை ஆராய்ச்சியில் இருந்த ஒரு விமான நிறுவனத்தின் விஞ்ஞானி, போர்க்காலத்தில் வீனர் எழுதிய அறிக்கையின் பிரதியைக் கேட்டார். வீனர் மறுத்துவிட்டார். அந்தப் பதில் கடிதம் 1947 ஜனவரியில் 'அட்லாண்டிக்' இதழில் வெளியாகி, பெரிய விவாதமானது.

இதில் அவருக்கே ஒரு சிக்கல் இருந்தது. அறிவியல் என்பது பகிர்ந்தால்தான் வளரும் என்று நம்பியவர் அவர். தன் எண்ணங்களைத் தானே தணிக்கை செய்கிறோம் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும், ஊர்களை அழிக்கப்போகிற கைகளில் கொடுப்பதைவிட இது மேல் என்று முடிவெடுத்தார். அதன் பிறகு ராணுவப் பணத்தில் ஆராய்ச்சி செய்வதையும் விட்டார்.

1949 ஆகஸ்டில் இன்னொரு கடிதம். இந்த முறை வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்கு. ஆளே இல்லாத தொழிற்சாலை சாத்தியம், அதைக் கட்டுப்படுத்தும் கணினி வரப்போகிறது, லாபம் மட்டும் பார்ப்பவர்கள் கையில் அது சிக்கினால் பெரும் வேலையிழப்பு வரும் என்று எச்சரித்தார். அந்த வேலையில் ஆலோசனை சொல்லக் கேட்ட ஒரு நிறுவனத்துக்குத் தான் உதவவில்லை என்றும் எழுதினார். இயந்திரம் தரும் லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு கேளுங்கள் என்பது அவர் சொன்ன யோசனைகளில் ஒன்று. உடனே சந்திக்க வேண்டும் என்று தந்தி அடித்தார் ராய்தர்.

கேட்காமல் போன பதில்

அவரிடம் குறையே இல்லையா என்றால், இருந்தது. மூளை நரம்புகளைக் கணக்காக எழுதிக் காட்டிய வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் அவருடைய நெருங்கிய கூட்டாளிகள். 1950-களின் தொடக்கத்தில் திடீரென்று அவர்களுடனான உறவை வெட்டிக்கொண்டார். காரணம்கூடச் சொல்லவில்லை. வீனரைத் தந்தைபோல நினைத்திருந்த பிட்ஸ் அதிலிருந்து மீளவே இல்லை. பதிலைக் கேட்டுத் திருத்திக்கொள்வதுதான் அறிவு என்று உலகத்துக்குச் சொன்னவர், நண்பர்களின் பதிலைக் கேட்கவில்லை.

எச்சரிப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. 1955-56-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து பாடம் நடத்தினார். 1960-ல் எழுதிய ஒரு கட்டுரையில், இயந்திரம் நாம் மனசில் நினைத்ததைச் செய்யாது, சொன்னதை அப்படியே செய்யும், அதைத் தடுக்க நாம் யோசிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும் என்று விளக்கினார். 1964 மார்ச் 18-ல் ஸ்டாக்ஹோமில் காலமானார்.

இன்று உங்க ஆபீஸில் புது ஏ.ஐ மென்பொருள் வருகிறது என்று மீட்டிங் போட்டால், அது எவ்வளவு வேகம் என்பதை அவங்களே சொல்லிடுவாங்க. மிச்சமாகும் நேரமும் பணமும் யாருக்குப் போகும் என்பதை நீங்கதான் கேட்கணும். ராய்தரிடம் வீனர் கேட்கச் சொன்னதும் இதைத்தான்.