துருவை வென்ற தொழிலாளியின் மகன்

கார் எஞ்சினில் எரிந்து வெளியேறும் வாயுவை முதலில் வாங்கிக்கொள்ளும் குழாய்த் தொகுதியை வாகனப் பிரியர்கள் ‘ஹெடர்ஸ்’ என்பார்கள். காரோடு வந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றைப் போட நினைப்பவருக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: பூச்சுப் பூசிய சாதாரண இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? இந்தக் கேள்வியில் இரண்டாவது தெரிவு இருப்பதற்கு முக்கிய காரணமானவர்களில் ஒருவர் ஹரி பிரியர்லி.

இங்கிலாந்தின் உருக்கு நகரமான ஷெபீல்டில் 1871 பெப்ரவரி 18ஆம் திகதி பிறந்தவர் அவர். தந்தை உருக்கு உருக்கும் தொழிலாளி. வறுமை காரணமாக 12 வயதில் பாடசாலையை விட்டு, தந்தை வேலை செய்த தோமஸ் ஃபேர்த் தொழிற்சாலையிலேயே சேர்ந்தார். விரைவில் அங்குள்ள இரசாயன ஆய்வுகூடத்தின் எடுபிடிப் பையனானார். இரவு வகுப்புகளிலும் சொந்த வாசிப்பிலும் உலோகவியலைக் கற்றார். 1908இல், இரண்டு உருக்குக் கம்பனிகள் சேர்ந்து தொடங்கிய ஆய்வுகூடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது.

1912இல் துப்பாக்கி உற்பத்தியாளர்கள் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார்கள். சூடான வாயு பட்டுப் பட்டுத் துப்பாக்கிக் குழாய்களின் உட்புறம் அரித்துப்போனது. பிரியர்லி குரோமியத்தின் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். 1913 ஓகஸ்ட் 13ஆம் திகதி வார்த்த உருக்கில் 12.8 வீதம் குரோமியம் இருந்தது. நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக அதை அமிலத்தால் அரிக்க முயன்றபோது அது இலகுவில் அரிபடவில்லை. வினாகிரிக்கும் எலுமிச்சம் சாற்றுக்கும்கூட அசையவில்லை.

காரணம் எளிமையானது. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாகவே மீண்டும் உருவாகும். மேலே பூசிய பூச்சுக்கு அந்தக் குணம் இல்லை. அது உரிந்த இடத்தில் துரு தொடங்கும்.

பிரியர்லி இதில் கத்தி செய்யலாம் என்றார். அவரது முதலாளிகள் அக்கறை காட்டவில்லை. கத்தி செய்வோரும் முதலில் கேலி செய்தார்கள். ஏர்னஸ்ட் ஸ்டுவர்ட் என்ற கத்தித் தொழில் நிபுணர்தான் அதைச் சோதித்து ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற பெயரையும் கொடுத்தார். பயன் தெரிந்த பிறகு, கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்ற தகராறு வெடித்தது. சம்பளத்துக்கு வேலை செய்தவருக்குத் தன் கண்டுபிடிப்பில் பங்கில்லையா என்பதே பிரியர்லியின் கேள்வி. 1915இல் அவர் வெளியேறி வேறொரு உருக்குக் கம்பனியில் சேர்ந்தார். மறு வருடம் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இந்தப் பெருமை அவருக்கு மட்டும் உரியதல்ல. ஜேர்மனியின் குறுப் கம்பனி அதே காலத்தில் நிக்கலும் சேர்ந்த துருப்பிடிக்காத உருக்கை உருவாக்கியிருந்தது. ஆனால் எரிந்த வாயுவோடு பிரியர்லியின் உருக்குக்குப் பழைய உறவுண்டு. முதலாம் உலகப்போரில் விமான எஞ்சின்களின் புகை வால்வுகள் அதில்தான் செய்யப்பட்டன.

அவருக்குப் பின் அந்த ஆய்வுகூடத்தை நடத்திய ஹட்ஃபீல்ட் 1924இல் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்ட கலவையை உருவாக்கினார். இன்று கடைகளில் ‘304’ என்று விற்கப்படும் ஹெடர்ஸ் அந்த வகைதான். கடும் சூட்டில் 304இன் ஒட்டு வேலை செய்த இடங்களில் குரோமியம் கரியோடு சேர்ந்துவிடுவதால் அங்கே பாதுகாப்புக் குறையலாம். அதைத் தடுக்க டைட்டேனியம் சேர்த்தது ‘321’, விலையும் கூட. செலவைக் குறைக்க விரும்புபவருக்கு செராமிக் பூச்சுப் பூசிய சாதாரண இரும்பு போதும். அது சூட்டைக் குழாய்க்குள்ளேயே மறித்து எஞ்சின் பகுதியைக் குளிர்மையாக வைத்திருக்கும். ஆனால் உட்புறமும் பூசப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பிரியர்லி 1948 ஜூலை 14ஆம் திகதி காலமானார். அதற்கு ஏழு வருடங்களுக்கு முன், தன் நகரத்து மக்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளையை நிறுவியிருந்தார். 12 வயதில் பாடசாலையை விட்ட பிள்ளை சம்பாதித்த பணம், அவரைப்போன்ற பிள்ளைகள் வாழ்ந்த தெருக்களுக்கே திரும்பிப் போனது.