மின்கிதார் மேதை சார்லி கிறிஸ்டியன்

கல்லும் இசைபாடும் தூண்களைச் சுசீந்திரத்திலே கண்டு வளரும் நாஞ்சில் நாட்டு மாணவர்க்கு இசையின் பெருமையை நாம் எடுத்துரைத்தல் மிகையாகும். ஆயினும், இனிமை மிக்க நரம்புக் கருவிகள் பலவும் மெல்லொலி உடையன. ஆதலின் பேரவையிலே அவற்றின் குரல் எடுபடுவதில்லை. வீணைக்கும் இக்குறை உண்டு, கிதாருக்கும் உண்டு. மின்சாரத்தின் துணைகொண்டு இக்குறையை நீக்கி, கிதாரை அவையின் பின்வரிசையினின்றும் முன்வரிசைக்குக் கொணர்ந்தோருள் தலைசிறந்தவர் சார்லி கிறிஸ்டியன் என்பார். இருபத்தைந்தே ஆண்டுகள் வாழ்ந்த அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

இவர் 1916-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க நாட்டின் டெக்ஸஸ் மாகாணத்து பான்ஹம் என்னும் ஊரிலே, கறுப்பினக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். இளமையிலேயே இவர் குடும்பம் ஒக்லஹோமா நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் கண்ணொளி இழந்தவர். இசையே அவர்க்குப் பிழைப்பு. அவர் தம் மைந்தரை உடனழைத்துக்கொண்டு, செல்வர் வாழும் தெருக்களிலே பாடியும் வாசித்தும் பொருளீட்டினார். பள்ளியிலே கைத்தொழில் வகுப்பில் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு சார்லி தாமே நரம்புக் கருவி செய்து மீட்டினார் என்று, அவரோடு உடன்வளர்ந்த எழுத்தாளர் ரால்ப் எலிசன் பின்னாளில் எழுதியுள்ளார். வறுமை கருவியை மறுத்ததேயன்றி, இசையை மறுக்கவில்லை.

அக்காலத்து ஜாஸ் குழுக்களிலே கிதாரின் நிலை இரங்கத்தக்கது. எக்காளமும் சாக்ஸபோனும் முழங்குமிடத்து, தனித்து ஓர் இசையை அது வாசித்தால் கேட்பார் இல்லை. தாளத்திற்குத் துணைநிற்றலே அதன் தொழிலாயிற்று. 1936-ஆம் ஆண்டில் கிப்ஸன் நிறுவனத்தார் ஈ.எஸ். 150 என்னும் மின்கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். கருவியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஏறத்தாழ 150 டாலர் விலையாதலின் அப்பெயர் பெற்றது. அதன் இயக்கம் எளிதே. நரம்புகளின் கீழே காந்தமும் கம்பிச் சுருளும் அமைந்துள்ளன. உருக்கு நரம்பு அதிருங்கால் காந்தப்புலம் அசைகின்றது. அவ்வசைவால் சுருளிலே சிறு மின்னோட்டம் பிறக்கின்றது. அதனை வால்வுகள் பெருக்கி ஒலியாக வெளிவிடுகின்றன. சார்லி இக்கருவியைக் கைக்கொண்டு, சாக்ஸபோன் வாசிப்பார் போல நீண்ட இசைத்தொடர்களைத் தனி நரம்பிலே வாசித்துப் பழகினார். மின்கிதாரை முதன்முதல் வாசித்தவர் இவர் அல்லர். அதற்கென ஒரு மொழியை ஆக்கித் தந்தமையே இவர் பெருமையாகும்.

1939-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜான் ஹாமண்ட் என்னும் இசையன்பர் இவரைப் புகழ்பெற்ற கிளாரினெட் வித்துவான் பென்னி குட்மனிடம் அழைத்துச் சென்றார். குட்மனுக்கு இவர்மீது முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. அன்றிரவு அவர் அறியாமலே சார்லியின் ஒலிபெருக்கி மேடைமீது ஏற்றி வைக்கப்பட்டது. குட்மன் தொடங்கிய ஒரு பாட்டு, சார்லியின் கற்பனை ஊற்றெடுத்தமையால் நாற்பது நிமிடங்களுக்கு மேல் நீண்டது என்பர். அன்றே அவர் அக்குழுவில் இடம்பெற்றார். வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே மேடையில் அமர்தல் அரிதாயிருந்த அக்காலத்தில், இந்நிகழ்ச்சி இசைக்கு அப்பாலும் பொருளுடையதாகும். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்குக் கார்னகி மண்டபத்திலும் அவர் வாசித்தார். 1941-இல் பதிவான ‘சோலோ ப்ளைட்’ என்னும் இசைத்தட்டு, பெருங்குழுவின் நடுவே கிதாரைத் தலைமைக் கருவியாக நிறுத்தியது. இரவு வேலை முடிந்த பின்னரும் ஹார்லமில் மிண்டன் விடுதிக்குச் சென்று, தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க் முதலியோருடன் வைகறைவரை வாசித்தார். பீபாப் என்னும் புதிய இசைமரபு அங்கேதான் அரும்பிற்று.

அந்தோ! காசநோய் அவரைப் பற்றியிருந்தது. 1941-ஆம் ஆண்டு நடுவில் ஸ்டேட்டன் தீவிலுள்ள ஸீவியூ ஆரோக்கியசாலையிலே சேர்க்கப்பட்டவர், 1942-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் உயிர்நீத்தார். காசநோயை வென்ற ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டறியப்பட்டது 1943-இல் ஆகும். மருந்துக்கும் அவர்க்கும் இடையே நின்றது சில ஆண்டுகளே என எண்ணுங்கால் நம் நெஞ்சம் உருகுகின்றது.

அவர் வழி நமக்குப் பயன்படுமாற்றையும் ஒருசிறிது கூறுவோம். இன்று நம் வட்டாரத்துத் திருச்சபைப் பாடற்குழுக்களிலும் கல்லூரி விழாக்களிலும் மின்கிதார் வாசிப்போர் உளர். மின்கிதாருக்கென்றே அமைந்த ஒலிபெருக்கி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அக்கூஸ்டிக் என்னும் மரக்கிதாருக்குரிய ஒலிபெருக்கியே பல இடங்களில் உள்ளது. முன்னது உச்ச ஒலிகளை அடக்கி, நாதத்திற்குத் தன் நிறத்தையும் ஊட்டும். பின்னதோ உச்ச ஒலிக்கெனத் தனிச் சிறு ஒலிப்பானும் உடையதாய், வந்ததை வந்தவாறே வெளியிடும். ஆகவே மின்கிதாரை அதில் இணைப்பின் ஒலி மெலிந்து கூர்மையாகக் கேட்கும். கரகரப்பூட்டும் கருவிகளைச் சேர்த்தாலோ செவிக்கு இன்னாததாகும். அளவறிந்து வாசிப்பின் கருவிக்குக் கேடில்லை. உச்ச ஒலியைக் குறைத்து, கழுத்தருகே உள்ள காந்தச் சுருளைத் தெரிந்து, கலப்பற்ற ஒலியில் வாசித்தல் வேண்டும். சார்லியின் கிதாரிலே சுருள் அமைந்திருந்ததும் கழுத்தருகே தான். அவர் நாடியதும் தெளிந்த ஒலியே. ஆதலின் எளிய கருவியுடைய மாணவர்க்கு அவர் வாசிப்பு நல்ல வழிகாட்டியாகும்.

நம் நாட்டிலும் மின்மாண்டலினைக் கருநாடக இசைமேடையில் ஏற்றி நிலைநாட்டினார் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). புதுக்கருவியென்று ஐயுற்றோரும் அவர் இசையைக் கேட்டபின் தலையசைத்தனர். மின்சாரம் ஒலியைப் பெருக்குமேயன்றி இசையைப் படைக்காது, படைப்பவர் மனிதரே. சுருட்டுப் பெட்டியிலே தொடங்கிய சிறுவர் ஒருவர், இரண்டரை ஆண்டுகூட நிரம்பாத புகழ்வாழ்விலே ஒரு கருவியின் விதியை மாற்றினார் என்றால், நீண்ட நாளும் நல்ல கல்வியும் பெற்ற நாம் நம் கையிலுள்ள எளிய கருவிகொண்டு இயன்றது செய்தல் கடனன்றோ?