டிஃப்யூசர் வாங்கறதுக்கு முன்னாடி இவரைத் தெரிஞ்சுக்கோங்க

போன சிம்போசியத்துல எடுத்த போட்டோக்களைக் கொஞ்சம் திறந்து பாருங்க. நெத்தி எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு இருக்கும். தலைக்குப் பின்னாடி சுவத்துல கறுப்பா ஒரு நிழல் ஒட்டியிருக்கும். கேமரா மேல உட்கார்ந்திருக்கிற ஃப்ளாஷ் செய்த வேலை அது. உடனே யாராவது ஒரு சீனியர் டிஃப்யூசர் வாங்கிப் போடச் சொல்லியிருப்பார். வெள்ளை பிளாஸ்டிக் மூடியா, குட்டி சாஃப்ட்பாக்ஸா, பவுன்ஸ் கார்டான்னு நீங்களும் தேட ஆரம்பிச்சிருப்பீங்க. மெஸ் பில் காசுல கை வைக்கிறதுக்கு முன்னாடி, இதே சிக்கலை 1956-லேயே ஒரு துணியை வைத்துத் தீர்த்த மனிதரின் கதையைப் படிச்சிடுங்க.

அவர் பெயர் சுப்ரதா மித்ரா. 1930-ல் கல்கத்தாவில் பிறந்தவர். காலேஜ் படிக்கும்போதே கேமராமேன் ஆகணும்னு ஆசை. ஆனா உதவியாளர் வேலைகூடக் கிடைக்கலை. அந்த நேரத்துல பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை எடுக்க வங்காளம் வந்திருந்தார். மித்ராவுக்குக் கிடைத்தது வேடிக்கை பார்க்கும் அனுமதி மட்டும்தான். நம்மில் பலர் ரெண்டு நாள் பார்த்துட்டு ரூமுக்குத் திரும்பியிருப்போம். அவர் தினமும் ஒரு நோட்டோடு போனார். எந்த விளக்கு எங்கே நிற்குது, நடிகர் எங்கே நிற்கிறார், கேமரா எங்கே இருக்குன்னு படம் போட்டு எழுதி வச்சார்.

அந்தப் படப்பிடிப்பு நாட்களில்தான் சத்யஜித் ராயோடு பழக்கம். ராய் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோது மித்ராவுக்கு வயது 21. அதுவரை அவர் சினிமா கேமராவை இயக்கியதே கிடையாது. ராயும் அதுவரை படம் எடுத்ததில்லை. 1955-ல் படம் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

நம்ம கதைக்கு முக்கியமானது அடுத்த படம், ‘அபராஜிதோ’. காசியில் ஒரு வீட்டு முற்றத்தில் நடக்கும் காட்சிகள் அதில் உண்டு. மழைக்காலத்துக்குப் பயந்து, அந்த முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள்ளேயே செட்டாகப் போட முடிவு செய்தாங்க. மித்ரா இதை எதிர்த்தார். காரணம் எளிமையானது. நிஜமான முற்றத்தில் வெளிச்சம் மேலே தெரியும் வானத்திலிருந்து வரும். வானம் ரொம்பப் பெரிய விளக்கு. எல்லாப் பக்கமிருந்தும் ஒளி இறங்குவதால், கத்தி போல வெட்டும் நிழல் விழாது. ஸ்டுடியோவில் நாலு விளக்கை நேராக அடித்தால் ஒவ்வொருத்தருக்கும் நாலு நிழல் விழும். அப்போ அது காசி இல்லை, செட்டுன்னு குழந்தைக்கும் தெரிஞ்சுடும்.

அவர் சொன்னது எடுபடலை. அதனால வழியையும் அவரே கண்டுபிடிச்சார். செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை வானம் மாதிரி விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் பக்கம் திருப்பாமல் அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி மெதுவாக முற்றத்தில் இறங்கியது. இன்னைக்கு நாம ‘பவுன்ஸ்’னு சொல்றது இதைத்தான்.

அதே 1956-ல் நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர்.சுந்தரம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை கேவா கலரில் கொடுத்தார். ஒரே வருஷத்தில் சேலம் வண்ணத்தைப் பிடித்தது, கல்கத்தா வானத்தைப் பிடித்தது.

இப்போ உங்க ஃப்ளாஷுக்கு வருவோம். ஒளி மென்மையாகுமா என்பதைத் தீர்மானிப்பது, எதிரே நிற்கிறவருக்கு அந்த ஒளி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். ஃப்ளாஷ் முகப்பு அஞ்சாறு சென்டிமீட்டர். அதுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டாலும் அளவு பெரிசா மாறாது. சின்ன வெள்ளை அறையில் அந்த மூடி ஒளியை நாலு பக்கமும் சிதறடிக்கும், சுவர்களே விளக்காகிடும், படம் நல்லா வரும். ஏற்காடு வியூ பாயிண்டில் சாயங்காலம் அதே மூடியைப் போட்டால், திரும்பி வர சுவர் ஏது? ஒளி வீண், பேட்டரி வீண். குட்டி சாஃப்ட்பாக்ஸ் பக்கத்தில் நிற்கிற முகத்துக்கு உதவும். பத்தடி தள்ளினால் அதுவும் ஒரு புள்ளிதான்.

ஹாஸ்டல் ரூமில் வெள்ளை சீலிங் இருந்தால் ஃப்ளாஷை மேலே திருப்புங்க, செலவே இல்லை. தகரக் கூரை போட்ட உயரமான ஹாலிலோ, பச்சை பெயிண்ட் அடித்த மண்டபத்திலோ இது வேலைக்கு ஆகாது. ஒளி திரும்பாது, திரும்பினாலும் முகம் பச்சையாகும். அங்கே ரெண்டு நண்பர்களை ஒரு வெள்ளை வேட்டியைப் பக்கவாட்டில் விரிச்சுப் பிடிக்கச் சொல்லி, ஃப்ளாஷை அதை நோக்கித் திருப்புங்க. தறி ஓடுற ஊர்ல வேட்டிக்கா பஞ்சம்?

மித்ரா ராயுடன் மொத்தம் 10 படங்கள் செய்தார். ‘சாருலதா’ அதில் ஒன்று, 1966-ல் வந்த ‘நாயக்’ கடைசி. அதற்குள் ராயே கேமராவை இயக்கத் தொடங்கியிருந்தார். அதன் பிறகு மித்ராவுக்குப் படங்கள் குறைஞ்சுது. ஒளி சரியாக அமையும்வரை விடாதவர்னு பேர் வாங்கியவர் அவர். அவசரப்படும் சினிமாவில் அந்தப் பேர் லாபம் தராது. ஆனா அவர் மாறலை. ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்துக்குத் தேசிய விருது வந்தது, 1986-ல் பத்மஸ்ரீ வந்தது. 1997 முதல் கொல்கத்தாவில் ராய் பெயரிலுள்ள திரைப்படக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 2001-ல் மறைந்தார்.

வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி கிடைத்த பையன், கடைசியில் அதைச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் ஆனார். நடுவில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: இந்த இடத்தில் வெளிச்சம் நிஜமாக எங்கிருந்து வரும்? அடுத்த ஃபங்ஷனில் ஷட்டரை அழுத்தும் முன் ஒருமுறை சீலிங்கைப் பாருங்க, சுவரைப் பாருங்க, ஜன்னலைப் பாருங்க. அப்புறமும் டிஃப்யூசர் தேவைன்னு தோணினால் தாராளமா வாங்குங்க. எதுக்கு வாங்கறோம்னு அப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.