புகுமுக வகுப்பிலிருந்து பட்டாளக் கல்லூரிக்கு

நெப்போலியன் பேரைக் கேள்விப்படாதவர் நம் தோட்டங்களில் குறைவு. ஆனால் அவரும் ஒரு காலத்தில் புகுமுக வகுப்புப் பையன் மாதிரிதான் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

1769 ஆகஸ்டு 15-ல் கோர்சிகா தீவில் அஜாசியோ என்ற ஊரில் பிறந்தார். அதற்கு முந்தின வருசந்தான் அந்தத் தீவு பிரான்சின் கைக்குப் போயிருந்தது. வீட்டில் பிரெஞ்சுப் பேச்சு கிடையாது. பிள்ளைகளோ பலர், வரும்படி கொஞ்சம்.

அந்நாளில் நொடித்துப்போன பிரபு குலத்துப் பிள்ளைகள் மன்னர் செலவில் படிக்கலாம். தகப்பனார் கார்லோ, நாலு தலைமுறையாகப் பிரபு வம்சம் என்று பத்திரம் காட்டி, மகனுக்கு அந்த உபகாரச் சம்பளத்தை வாங்கிவிட்டார்.

1779 தொடக்கத்தில், ஒன்பது வயசில், ஓத்தான் ஊர்ப் பள்ளியில் சில மாதம். பிரெஞ்சு பழகத்தான் அது. மே மாதம் பிரியேன் இராணுவப் பள்ளி. பாதிரிமார் நடத்திய அந்தப் பள்ளி, பாரிஸ் இராணுவக் கல்லூரிக்கு ஏணிப்படி. அங்கே ஐந்து வருசத்துக்கு மேல் இருந்தார். சக பையன்கள் அவர் பேச்சைக் கேலி பண்ணினார்கள். அவரோ கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

1784 அக்டோபரில் பாரிஸ் போனார். மறு வருசம் பிப்ரவரியில் தகப்பனார் காலமானார். குடும்பம் தள்ளாடியது. படிப்பை ஒரே வருசத்தில் முடித்தார். பரீட்சை வைத்தவர் கணித மேதை லப்லாஸ். தேறிய 58 பேரில் இவருக்கு 42-வது இடம். 16 வயசில் பீரங்கிப் படை அதிகாரி. 1804-ல் பேரரசர்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஏணி குடியானவன் மகனுக்குப் போட்டதல்ல. அவனிடம் ஏது பத்திரம்? 1789 புரட்சிதான் அந்தத் தடையை உடைத்தது. அதே புரட்சி அரசு 1794-ல் அடிமை முறையையும் ஒழித்தது. 1802-ல் குவாதலூப் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தவர் யார்? இதே நெப்போலியன்தான். அதே வருசம் அதிகாரிகளை உருவாக்க ஓர் இராணுவப் பள்ளியும் ஏற்படுத்தினார். 1821-ல் செயின்ட் ஹெலினா தீவில் கைதியாகச் செத்தார்.

ஆகவே தாய்மார்களே, பாஷை தெரியலையேன்னு பிள்ளையைப் பின்னுக்கு இழுக்காதீங்க. சில மாதத்தில் பழகிக்கலாம். ஆனா, ஏறின பிள்ளை கீழே நிற்கிற தோட்டத்து ஜனங்களை மறக்காதபடியும் வளருங்க. படிப்பு மட்டும் அதைச் சொல்லித் தராது; வீடுதான் சொல்லித் தரணும்.