தன்னை எண்ண மறக்காதீங்க: ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர்

ஆய்வேட்டின் மூணாவது அத்தியாயத்தில் மாசக்கணக்கா நின்னுக்கிட்டு இருக்கீங்களா? மெஸ்ஸில் யாராவது "தீசிஸ் எப்ப முடியும்?"னு கேட்டா சாப்பாடு இறங்க மாட்டேங்குதா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பி.இ. படிக்கிற தம்பி, தங்கைகளும் படிக்கலாம். நாளைக்கு நீங்களும் அந்த நாற்காலியில் உட்காரலாம்.

நம்ம அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற ஊர் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயில் என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே வாழ்ந்து எழுதியவர்தான் வீரமாமுனிவர்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680-இல் இத்தாலியில் பிறந்தார். 1710-இல் கோவாவில் இறங்கி, அடுத்த வருஷம் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயசு முப்பது. தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் வந்தவர், முப்பது வயசில் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். யோசிச்சுப் பாருங்க, நம்மில் பலர் பிஎச்.டி. சேருவதும் ஏறக்குறைய அந்த வயசில்தான்.

அவர் தனியாகப் படிக்கவில்லை. சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார். பழைய நூல்களைப் படித்தார். முதலில் வைத்துக்கொண்ட தைரியநாதர் என்ற பெயரையே பிறகு தமிழாக்கி வீரமாமுனிவர் ஆனார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அதன் மேல் ஒரு கலம்பகமும் பாடினார்.

தேம்பாவணி 1726-இல் முடிந்தது. 3,615 பாடல்கள். தமிழ்நாட்டுக்கு வந்து பதினஞ்சு வருஷம் கழித்து! அதன் பிறகு வரிசையைப் பாருங்க. 1727-இல் வேதியர் ஒழுக்கம். 1728-இல் பேச்சுத்தமிழுக்கான கொடுந்தமிழ் இலக்கணம். 1730-இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்தையும் ஒன்றாய்ச் சொல்லும் தொன்னூல் விளக்கம். 1732-இல் சதுரகராதி. செய்யுளாக மனப்பாடம் செய்யவேண்டிய நிகண்டுகளில் இருந்த சொற்களை அகரவரிசையில் அடுக்கித் தந்த நூல் அது. ஆறு வருஷத்தில் இத்தனையும் வந்தது என்றால், அதுக்கு முன்னாடி வெளியே தெரியாத உழைப்பு எத்தனை வருஷம்! உங்கள் கணினியில் கிடக்கிற அரைகுறைக் குறிப்புகளும் அந்தக் கணக்கில்தான் சேரும். வீண் இல்லை.

இன்னொன்று. அந்தக் காலத்து ஓலைச்சுவடியில் எ-வும் ஏ-வும் ஒரே மாதிரிதான் இருக்கும். குறிலுக்கு மேலே புள்ளி வைக்கணும் என்பது இலக்கணம். ஆனால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்கள். படிக்கிறவர்தான் ஊகிக்கணும். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். ஏ-வுக்குக் காலும், ஓ-வுக்குச் சுழியும், ே-க்கு இரட்டைச் சுழிக் கொம்பும் வந்தன. ஏலாக்குறிச்சியின் முதல் எழுத்தையே நாம் இன்றைக்குத் தடுமாறாமல் படிக்கிறோம் இல்லையா? எழுத்துத்திறன் என்பது இதுதான். பெரிய வார்த்தைகள் இல்லை, படிக்கிறவரை ஊகிக்க விடாமல் இருப்பது. உங்கள் அத்தியாயத்தில் புள்ளி வைக்காமல் விட்ட இடம் எதுன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க.

கடைசியா, பரமார்த்த குரு கதை. காப்பியம் பாடிய அதே கை, பேச்சுத்தமிழ் கற்பவர்களுக்காக எழுதிய சிரிப்புக்கதை. குருவும் அஞ்சு சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஒருத்தன் எண்ணுகிறான். அஞ்சு பேர்தான் வருது! எத்தனை தடவை எண்ணினாலும் அஞ்சுதான். ஒருத்தரை ஆறு கொண்டுபோயிடுச்சுன்னு எல்லாரும் அழுகிறார்கள். எண்ணியவன் தன்னை எண்ணவில்லை, அவ்வளவுதான். வழியில் வந்த ஒருத்தர் ஆளுக்கொரு அடி போட்டு எண்ணிய பிறகுதான் ஆறு பேர் என்று தெரிகிறது.

கட்டுரை எத்தனை, மேற்கோள் எத்தனை, மிச்சம் எத்தனை மாசம் என்று எல்லாத்தையும் எண்ணுகிறோம். தூக்கம் போனதை, பேச்சு குறைஞ்சதை, வீட்டுக்குப் போன் பண்ணாததை எண்ணுவதில்லை. அந்தக் கணக்கை நாமே எத்தனை தடவை போட்டாலும் தப்பாத்தான் வரும். வெளியிலிருந்து ஒருத்தர் எண்ணணும். அது வழிகாட்டியாக இருக்கலாம், அறைத்தோழராக இருக்கலாம், கல்லூரி மனநல ஆலோசகராக இருக்கலாம். யாரும் இல்லைன்னு தோணுகிற ராத்திரியில் 14416-ஐ அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

வீரமாமுனிவர் 1747-இல் மறைந்தார். சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆனால் ஏலாக்குறிச்சிக்கே ஒரு நாள் போயிட்டு வாங்க. பக்கத்து லேபில் ரொம்ப நாளா வாய்திறக்காத அண்ணனையோ அக்காவையோ கூட்டிக்கிட்டுப் போங்க. பஸ் ஏறினதும் தலையை எண்ணுங்க. உங்களையும் சேர்த்து.