ஹீராத் நகரத்து ஓவியர் பிஹ்ஸாத்

எவ்வாண்டில் எம்மன்னன் எந்நகரை வென்றான் என்பதை நாம் ஆர்வத்தோடு கற்கின்றோம். ஆயின் அந்நகரத்தில் காகிதம் செய்தவர் யாவர், கம்பளம் நெய்தவர் யாவர், வண்ணம் குழைத்தவர் யாவர் என வினவுவோர் மிகச் சிலரே. அதிலும் நடு ஆசியாவின் வரலாறு குதிரைப்படைகளின் குளம்போசையாகவே நம் செவிக்கு எட்டுகின்றது. அவ்வோசைக்கிடையே தூரிகை ஒன்றைக் கையிற்கொண்டு, மூன்று அரச மரபினரின் ஆட்சியைக் கண்டு, அவர்தம் அரசுகள் யாவும் மறைந்த பின்னரும் மறையாப் புகழுடன் நிற்பவர் ஒருவர் உளர். அவரே கமாலுத்தீன் பிஹ்ஸாத் என்னும் ஓவியர். அவரது வாழ்க்கையையும் அவர் போற்றிய கலையின் இயல்பையும் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

கைவினைஞர் குழுமிய நகரம்

இக்காலத்து ஆப்கானிஸ்தானத்தின் மேற்பகுதியில் ஹரி ஆற்றை அடுத்து அமைந்துள்ளது ஹீராத் நகரம். அந்நகரம் கலைகளின் உறைவிடம் ஆனதற்குக் காரணம் ஒருவகையில் ஒரு கொடுஞ்செயலே எனலாம். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல நாடுகளைப் பாழ்படுத்திய தைமூர், தான் வென்ற ஊர்களில் கைவினைஞரை மட்டும் உயிரோடு விடுத்துத் தன் தலைநகரான சமர்க்கந்துக்குக் கொண்டுசெல்வது வழக்கம். 1398-இல் தில்லியிலிருந்து கற்றச்சரும், 1401-இல் தமாஸ்கு நகரத்திலிருந்து நெசவாளரும் கண்ணாடி வினைஞரும் அவ்வாறு கொண்டுபோகப்பட்டனர். உயிர் பிழைத்தது தொழிலால். ஊர் இழந்ததும் அத்தொழிலாலேயே. 1405-இல் தைமூர் இறந்தபின் அவர் மைந்தர் ஷாருக் ஹீராத்தைத் தலைநகராக்கினார். ஷாருக்கின் மைந்தர் பைஸுங்கூர் அங்கு நூல் செய்யும் தொழிற்கூடம் ஒன்றை நிறுவி, எழுத்தரையும் ஓவியரையும் நூற்கட்டுநரையும் ஒருங்கு கூட்டினார். வாளாற் கூட்டப்பெற்ற செல்வம் அவர்தம் வழித்தோன்றல்களிடத்தே கலையார்வமாய் மாறியது.

இளமையும் ஆசிரியரும்

பிஹ்ஸாத் 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹீராத்தில் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த அவரை எடுத்து வளர்த்தவர் மீரக் நக்காஷ் என்னும் ஓவியர் என்பது பழைய ஆசிரியர்களின் கூற்று. இந்த மீரக், சுல்தான் ஹுஸைன் பைகராவின் நூலகத்திற்குத் தலைவராய் இருந்தவர். ஆதரவற்ற சிறுவனுக்கு அவர் உணவும் உறையுளும் தந்ததோடு தம் கைத்தொழிலையும் தந்தார். நடு ஆசியாவின் கைவினைகள் யாவும் இவ்வாறே வளர்ந்தன. ஆசிரியர் இல்லமே பள்ளி, பணிவிடையே முதற்பாடம். வண்ணம் அரைத்தும் தாள் மெருகிட்டும் கோடு பழகியும் பன்னாள் கழிந்த பின்னரே மாணவன் தூரிகையால் ஓர் உருவத்தைத் தீட்டப் பெறுவான்.

1469-இல் ஹீராத்தின் அரசரான சுல்தான் ஹுஸைனும், அவருடைய நண்பரும் அமைச்சருமாகிய மீர் அலீ ஷேர் நவாயீ என்பாரும் பிஹ்ஸாத்தின் திறத்தை உணர்ந்து ஆதரித்தனர். நவாயீ தாமே பெரும்புலவர். பாரசீகமே புலமைக்குரிய மொழி என யாவரும் கருதிய அந்நாளில், தம் தாய்மொழியாகிய சகதாய்த் துருக்கியிற் பாடி அதற்கு ஏற்றம் தேடித் தந்தவர். தமிழ் பயிலும் நமக்கு அவரிடத்து ஒரு தனி அன்பு தோன்றுவது இயல்பே. ஜாமீ என்னும் பாரசீகப் பெரும்புலவரும் அக்காலத்தில் அந்நகரிலேயே வாழ்ந்தார். இத்தகைய சூழலிலே தான் பிஹ்ஸாத்தின் கை முதிர்ந்தது.

ஓர் ஏடு உருவாகும் வகை

பிஹ்ஸாத்தின் ஓவியங்கள் சுவரிலே தொங்குவன அல்ல. நூலின் ஏடுகளுக்கிடையே அமைவன. அவற்றுட் பல நம் கையகலத்தினும் சிறிதே பெரியன. அத்தகைய ஓர் ஏட்டுக்குப் பின்னே எத்துணைப் பேர் உழைத்தனர் என்பதை அறிந்தாலன்றி ஓவியரின் பெருமையும் நமக்கு விளங்காது.

முதலிற் காகிதம். சணல் நாரையும் பழந்துணியையும் ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, சல்லடையில் வார்த்து உலர்த்துவர். பின்பு மாப்பசை பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுவர். சமர்க்கந்துக் காகிதம் இத்தொழிலால் உலகப்புகழ் பெற்றது. அடுத்து வண்ணங்கள். பதக்ஷான் மலைச் சுரங்கங்களில் அகழ்ந்த லாஜவர்த் என்னும் நீலக்கல்லை இடித்து அரைத்துப் பன்முறை கழுவி நீலநிறம் எடுப்பர். சாதிலிங்கத்தாற் செந்நிறமும் அரிதாரத்தால் மஞ்சள் நிறமும் பெறுவர். பொன்னை மெல்லிய தகடாக்கி, பிசினோடு சேர்த்து அரைத்துப் பொன்மை ஆக்குவர். அணில் வாலின் மயிரையோ பூனைக்குட்டியின் மயிரையோ தெரிந்தெடுத்து, இறகின் தண்டிலே செருகித் தூரிகை செய்வர்.

ஒரு படத்தைப் படியெடுக்க வேண்டின், ஒளி ஊடுருவும் மெல்லிய மான்தோலை அதன்மீது விரித்து, கோடுகளின் வழியே ஊசியால் துளையிடுவர். அத்தோலை வேறு தாளின்மேல் வைத்துக் கரித்தூள் தூவினால் புள்ளிகள் விழும்; அப்புள்ளிகளை இணைத்து உருவம் வரைவர். இவ்வாறு ஆசிரியரின் கோடு மாணவனிடத்தும், மாணவனின் கோடு அவன் மாணவனிடத்தும் சென்றது. எழுத்தர், பொன்வேலை செய்வோர், விளிம்புக் கோடு இடுவோர், தோலட்டை கட்டுவோர் ஆகிய பலரும் கூடி முடித்ததே ஒரு நூல். அக்கூட்டத்தில் ஒருவராகவே பிஹ்ஸாத்தும் உழைத்தார்.

புகழ்பெற்ற ஓவியங்கள்

1488-இல், பாரசீகப் புலவர் ஸாதியின் போஸ்தான் என்னும் நூல் சுல்தான் ஹுஸைனுக்கென எழுதப்பெற்றது. இன்று கெய்ரோ நகரத்து நூலகத்தில் உள்ள அப்படியில் 4 ஓவியங்கள் பிஹ்ஸாத்தின் கையொப்பம் உடையன. அவற்றுள் ஒன்று, நம் வேதாகமத்தில் ஆதியாகமம் 39-ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கும் யோசேப்பின் வரலாறு. அவரை இஸ்லாமியர் யூஸுப் என்றும், போத்திபாரின் மனைவியைப் பாரசீகப் புலவர் ஸுலைகா என்றும் வழங்குவர். அவள் ஏழு அறைகளை ஒன்றனுள் ஒன்றாகக் கட்டுவித்து, கதவுகளை எல்லாம் பூட்டி அவரை அகத்தே அழைத்துச் சென்றாள் என்பது ஜாமீயின் காப்பியம் கூறும் கதை.

இதனைத் தீட்டப் புகுந்த பிஹ்ஸாத், படத்தின் பெரும்பகுதியை வெறும் கட்டடத்திற்கே அளித்தார். படிக்கட்டுகள் மடங்கி மடங்கி ஏறுகின்றன. கதவுகள் யாவும் அடைபட்டுள்ளன. வேறு மனிதர் ஒருவரையும் காணோம். மேலே ஒரு மூலையில், செந்நிற ஆடையினளாகிய ஸுலைகா கையை நீட்ட, பச்சை ஆடையினராகிய யூஸுப் விலகி ஓடுகின்றார். அவர் முகத்தில் அச்சத்தையோ அவள் முகத்தில் வெறியையோ ஓவியர் மிகுத்துக் காட்டவில்லை. பூட்டிய கதவுகளே யாவற்றையும் உணர்த்திவிடுகின்றன. சோதனையில் அகப்பட்ட ஓர் உள்ளத்தின் தனிமையை இதனினும் நன்கு காட்டல் அரிது என்று நாம் கருதுகின்றோம்.

நிஜாமி என்னும் புலவரின் ஐந்து காப்பியங்களைக் கொண்ட நூற்படி ஒன்று இலண்டனில் உள்ளது. 1494-95-இல் உருவான அதில் கவர்னக் அரண்மனை கட்டும் காட்சி உண்டு. அது பிஹ்ஸாத்தின் கைவண்ணம் என அறிஞர் கொள்வர். அவ்வரண்மனையைக் கட்டிய சின்மார் என்னும் தச்சரை, அதனினும் சிறந்ததொன்றை அவர் வேறெவர்க்கும் கட்டலாகாது எனக் கருதிய மன்னன், அதன் உச்சியினின்றே தள்ளிக் கொன்றான் என்பது கதை. பிஹ்ஸாத் தீட்டியதோ அக்கொலையையன்று, மன்னனின் கொலுவையுமன்று. சாரமும் ஏணியும் நிறைந்த அப்படத்தில் ஒருவர் சாந்து குழைக்கின்றார். ஒருவர் செங்கல் சுமக்கின்றார். ஒருவர் மேலிருந்து வாங்குகின்றார். படத்தை நிரப்பி நிற்போர் தொழிலாளரே. அதே நூலில் கலீபா நீராட்டு மனையில் முடி திருத்திக்கொள்ளும் காட்சியும் உளது. அங்கும் துணி உலர்த்துவோரும் ஏவலரும் கலீபாவுக்கு நிகராய் நம் கருத்தைக் கவர்கின்றனர். அரசர் பொருளாற் செய்த நூலில் உழைப்போருக்கு இடம் தந்தது பிஹ்ஸாத்தின் தனிச்சிறப்பு.

அரசுகள் மாறின

1501-இல் நவாயீ மறைந்தார்; 1506-இல் சுல்தான் ஹுஸைனும் இறந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஹீராத்துக்கு வந்த இளவரசர் பாபர், பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் பிஹ்ஸாத்தையும் குறித்துள்ளார். தாடியுள்ள முகங்களை அவர் சிறப்பாக வரைவார் என்றும், தாடியில்லா முகங்களில் மோவாயின் கீழ்ச் சதையை மிகுத்துக் காட்டிக் கெடுத்துவிடுவார் என்றும் பாபர் குறை கூறினார். இந்தியாவில் பேரரசு நிறுவியவர் ஓவியரின் ஒரு கோட்டையும் இத்துணைக் கூர்ந்து நோக்கினார் என்பது வியப்பே.

1507-இல் உஸ்பெக்கியர் தலைவர் ஷைபானீ கான் ஹீராத்தைக் கைப்பற்றினார். அவர் தம்மைக் கலைவல்லுநராகவும் எண்ணி, பிஹ்ஸாத்தின் ஓவியத்தையே திருத்த முற்பட்டார் எனப் பாபர் எள்ளி உரைக்கின்றார். 1510-இல் பாரசீக மன்னர் ஷா இஸ்மாயில் மெர்வ் போரில் ஷைபானீ கானை வீழ்த்தி ஹீராத்தையும் கொண்டார். 1514-இல் சால்திரான் போரில் துருக்கியரிடம் தோற்ற ஷா இஸ்மாயில், பிஹ்ஸாத்தை ஒரு குகையில் ஒளித்துவைத்து, போர் முடிந்ததும் முதற்கண் அவரையே தேடினார் என்று ஒரு துருக்கி ஆசிரியர் எழுதினார். ஆயினும் அக்காலத்தில் பிஹ்ஸாத் ஹீராத்திலேயே இருந்திருத்தல் வேண்டும் என ஆராய்ச்சியாளர் கருதுவராதலின் இக்கதை நம்பத்தக்கதன்று. 1522-இல் முதியவரான பிஹ்ஸாத், ஆணையொன்றால் அரச நூலகத்திற்குத் தலைவராக்கப்பெற்றுத் தப்ரீஸ் நகரில் பணியாற்றினார். ஹீராத்தின் கோடும் தப்ரீஸின் வண்ணமும் அங்கே கலந்தன. ஏறக்குறைய 1535-இல் அவர் உயிர் நீத்தார். தப்ரீஸில் கமால் குஜந்தீ என்னும் புலவரின் கல்லறைக்கருகே அவர் அடக்கம் செய்யப்பெற்றார் என ஒருசாராரும், ஹீராத்திலேயே என மற்றொருசாராரும் கூறுவர்.

பெயரும் வழியும்

பிஹ்ஸாத் தம் பெயரை எழுதியது மிகச் சில ஓவியங்களிலேயே. அங்கும் எளிதிற் புலப்படாத இடத்தில், நுண்ணிய எழுத்தில், தம்மை அடியவர் என்றே குறித்துக்கொண்டார். அவர் மறைந்தபின் நேர்ந்ததோ இதற்கு முற்றும் மாறானது. நூல்களை விற்போரும் உடையோரும் பிறர் வரைந்த எண்ணிறந்த படங்களில் அவர் பெயரைப் பொறித்து விலையை உயர்த்தினர். தம் பெயரை மறைத்தவருக்குப் பிறர் உழைப்பெல்லாம் உரிமையாயிற்று; அதனால் உண்மையில் வரைந்த பலரது பெயர்கள் அழிந்தன. ஒரு பெரும்பெயரின் நிழலில் எத்துணைச் சிறு பெயர்கள் மறைகின்றன என்பதை நாம் எண்ணுதல் வேண்டும்.

ஆயினும் அவர் கலையின் வழி பெயரினும் வலியது. ஹீராத்தின் ஓவியர் சிலர் புகாரா சென்று அங்கே அம்மரபை வளர்த்தனர். தப்ரீஸில் பயின்ற மீர் ஸையித் அலீ, பாபரின் மைந்தர் ஹுமாயூனிடம் வந்து சேர்ந்தார். அவ்வழியே அக்கலை நம் நாட்டு மொகலாய ஓவியமாய் மலர்ந்தது. தைமூரின் வரலாறு கூறும் ஸபர்நாமா நூற்படி ஒன்று அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான் ஆகியோரின் நூலகங்களிற் போற்றப்பெற்றது. அதில் சமர்க்கந்துப் பள்ளிவாசல் கட்டும் காட்சியும் உண்டு; அக்காட்சியில் இந்தியாவினின்று கொண்டுபோன யானையும் இடம்பெறுகின்றது. அந்நூலின் ஓவியங்கள் பிஹ்ஸாத்தினுடையன என ஜஹாங்கீர் தம் கையாலேயே குறிப்பெழுதினார்.

இன்று தாஷ்கந்து நகரத்துக் கலைக் கல்விநிலையம் பிஹ்ஸாத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 2020-இல் உஸ்பெகிஸ்தான், ஈரான், துருக்கி, அஸர்பைஜான் ஆகிய நான்கு நாடுகளும் ஒன்றுசேர்ந்து வேண்ட, நுண்ணோவியக் கலையை யுனெஸ்கோ மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. எல்லைக்கெனப் போர்புரிந்தோரின் வழிவந்தோர் இன்று ஒரு கலையைத் தம் பொதுவுடைமையாகக் கூறுகின்றனர்.

தாயும் தந்தையும் இன்றி நின்ற ஒரு சிறுவனை ஓர் ஆசிரியர் தம் மனையிற் சேர்த்துத் தொழில் கற்பித்திராவிடின் இவை ஒன்றும் நிகழ்ந்திரா. அரசர் பொருள் தந்தனர். மீரக்கோ தம் கையின் அறிவையே தந்தார். தைமூரும் ஷைபானீயும் பெற்ற வெற்றிகளை நாம் நூல்களிற் படித்தறியலாம். பிஹ்ஸாத்தின் படத்தில் செங்கல் சுமப்பவரோ இன்றும் அச்சாரத்தின்மீது ஏறிக்கொண்டேயிருக்கின்றார். நம் ஊர்களிலும் தறியின்முன்னும் உளியோடும் அமர்ந்திருப்போர் பலர் உளர். அவர்பாற் சென்று, அவர் யாரிடம் கற்றார் என்றும் யாருக்குக் கற்பிக்கின்றார் என்றும் கேட்டறிதல் கல்வி பயிலும் நமது கடமையாகும்.